முதல் முறையாகச் சம்பள உயர்வு கேட்பது எப்படி? சிறிய, நடுத்தரக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பெரிய ஐ.டி. நிறுவனங்களில் அப்ரைசல் என்று ஒன்று வருடா வருடம் தானாக வரும். படிவம் வரும், ரேட்டிங் வரும், கடைசியில் ஒரு கடிதம் வரும். கூடவோ குறையவோ, கேட்காமலே ஏதோ ஒன்று நடக்கும். கோவை கணபதியிலும், குறிச்சி சிட்கோவிலும், திருப்பூரிலும், ஓசூரிலும், அம்பத்தூரிலும் ஐம்பது பேர் நூறு பேர் வேலை பார்க்கும் பெரும்பாலான கம்பெனிகளில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே சம்பளம் ஏற வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். தயங்குகிறவர் மூன்று வருடம் அதே சம்பளத்தில் இருப்பார். பக்கத்து சீட்டுக்கு நேற்று வந்தவர் அவரைவிடக் கூடுதலாக வாங்குவார். இது அந்தத் தயங்குகிறவருக்காக எழுதியது.

சம்பளப் பேச்சு பதினைந்து நிமிடம்கூட நீடிக்காது. முடிவும் பெரும்பாலும் அந்த அறையில் எடுக்கப்படுவதில்லை. நீங்கள் யாரிடம் கேட்கிறீர்களோ, அவர் இன்னொருவரிடம் போய் உங்களுக்காகப் பேச வேண்டியிருக்கும். மேனேஜர் என்றால் முதலாளியிடம். முதலாளியே என்றாலும் பார்ட்னரிடமோ, கணக்கைப் பார்க்கும் தம்பியிடமோ, வீட்டிலோ கலந்துகொள்வார். அப்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். நீங்கள் கொடுத்துவிட்டு வந்த விவரங்கள்தான் அங்கே உங்களுக்காகப் பேசும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த விவரங்களைத் தயார் செய்வதற்கும், சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சேர்ப்பதற்கும்தான்.

விளக்கத்துக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. அக்கவுண்ட்ஸில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் பெண், பி.காம். படித்தவர். டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), பில்லிங், ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாம் அவர் மேஜையில். மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய். சேர்ந்த நாளிலிருந்து ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

படி 1: உங்கள் சம்பளத்தை நீங்களே முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"எவ்வளவு வாங்குறே?" என்று கேட்டால் பலரும் பேங்கில் ஏறும் தொகையைச் சொல்வார்கள். முதலாளி மனதில் இருப்பது வேறு தொகை. இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அந்தப் பெண்ணின் 18,000 ரூபாயில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் (டி.ஏ.) சேர்ந்து 12,000, மீதி வீட்டு வாடகைப்படியும் மற்றவையும். பி.எஃப். 12 சதவீதம் பிடித்தால் 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். கையில் வருவது 16,425.

இப்போது கம்பெனி பக்கம். அவர்களும் பி.எஃப்.புக்கு 1,440 கட்டுகிறார்கள். இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். கிராஜுவிட்டிக்காக (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) அடிப்படையில் 4.81 சதவீதம் ஒதுக்கினால் இன்னும் 577. ஆக முதலாளி கணக்கில் இந்தப் பெண்ணுக்கு மாதம் ஆகும் செலவு 20,602 ரூபாய். ஒரே ஆளுக்கு 16,425, 18,000, 20,602 என்று மூன்று சம்பளம். "எனக்கு 24,000 வேணும்" என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் இந்த மூன்றில் எதோடு ஒப்பிடுவார் என்பது உங்களுக்குத் தெரியாது. அதனால் எப்போதும் "மொத்தச் சம்பளம் இவ்வளவு" என்று சொல்லியே கேளுங்கள்.

சம்பளச் சீட்டே தராத கம்பெனிகள் உண்டு. அங்கே வேலை பார்த்தால் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும், உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். பிடித்த பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியம் தனித்தனியாக நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அதன் அகவிலைப்படி ஏப்ரல் தோறும் மாறும். உங்கள் சம்பளம் அதற்கும் கீழே இருந்தால், நீங்கள் கேட்பது உயர்வே கிடையாது, சட்டப்படி வர வேண்டிய பணம். அதற்கு இந்த வழிகாட்டி போதாது. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அடுத்து 21,000 ரூபாய் வரம்பு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. உண்டு. உயர்வு கிடைத்து அதைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். உடனே நிற்காது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு பருவம், நடுவில் தாண்டினால் அந்தப் பருவம் முடியும் வரை பிடித்தம் தொடரும். மாதம் 135 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படுவதற்கு முன் வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால், 21,500 ரூபாய் சம்பளம் உங்களுக்கு உண்மையில் உயர்வா இல்லையா என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். தாண்டுவதாக இருந்தால் நன்றாகத் தாண்ட வேண்டும், அல்லது கம்பெனி குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் போட வேண்டும். பேச்சில் இதைக் கேட்கலாம், தப்பே இல்லை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததும் 'ஊதியம்' என்பதன் வரையறை மாறியிருக்கிறது. அதனால் எந்தெந்தத் தொகையைச் சேர்த்து இந்த 21,000 கணக்கிடப்படுகிறது என்பதைச் சம்பளம் போடுகிறவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வருமான வரி வந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு, சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

படி 2: செய்த வேலையைப் பணமாக மாற்றி எழுதுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள்.

பெரும்பாலானவர்கள் "நான் ரொம்பக் கஷ்டப்பட்டு வேலை செய்றேன்", "ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருக்கேன்" என்று சொல்லிக் கேட்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை எடுத்துக்கொண்டு உங்கள் மேனேஜர் முதலாளியிடம் போய் என்ன சொல்ல முடியும்? "பாவம், கஷ்டப்படுது" என்றுதான் சொல்ல முடியும். அதேபோல வாடகை ஏறியது, தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் என்பதெல்லாம் முன்பணம் கேட்பதற்கான காரணங்கள். அப்படிக் கேட்டால் முன்பணம்தான் கிடைக்கும். பிறகு அது சம்பளத்திலேயே பிடிக்கப்படும்.

பம்ப் கம்பெனிப் பெண் என்ன எழுதலாம் என்று பார்ப்போம். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற ஸ்டேட்மென்ட் வருகிறது. நமக்குச் சரக்கு விற்றவர்கள் யார் யார் பில்லைப் போர்ட்டலில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். ஏற்றாதவர்களின் பில்லுக்கு வரி வரவு (சரக்கு வாங்கும்போது கொடுத்த ஜிஎஸ்டியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அந்தப் பெண் அந்த ஸ்டேட்மென்ட்டையும் டேலியின் கொள்முதல் பதிவேட்டையும் வரி வரியாக ஒப்பிடுகிறார். காப்பர் வயர் கொடுத்தவர் ஒரு பில்லை விட்டுவிட்டார், காஸ்டிங் கொடுத்தவர் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று கண்டுபிடித்து, போன் போட்டுத் திருத்த வைக்கிறார். அவர் வருவதற்கு முன்பு யாரும் இதைச் செய்யவில்லை. ஆடிட்டர் வருடக் கடைசியில் பார்ப்பார். அதற்குள் பல சப்ளையர்கள் போனையே எடுக்க மாட்டார்கள்.

இதை அவர் மனதிலேயே வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. டேலியைத் திறந்து, அவர் சேருவதற்கு முந்தைய வருடம் எடுக்காமல் விட்ட வரி வரவு எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று இரண்டு தொகையை எழுதினால், அது முதலாளிக்குப் புரிகிற மொழி. அந்த வித்தியாசம் அவர் கேட்கும் உயர்வைவிடப் பல மடங்காகவும் இருக்கலாம்.

இப்படியே தேடிக்கொண்டு போகலாம். டீலர்களிடம் 90 நாளுக்கு மேல் நின்ற பாக்கி போன மார்ச்சில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? சனிக்கிழமை தோறும் போன் போட்டு வசூலித்தது யார்? பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். அதைத் தாண்டி மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கும் விதி இது. பிப்ரவரியிலேயே பட்டியல் எடுத்து மேஜையில் வைத்தது யார்?

அக்கவுண்ட்ஸ் இல்லாத வேலை என்றாலும் தேடினால் கிடைக்கும். மெஷின் ஷாப் சூப்பர்வைசர் என்றால் ரிஜெக்‌ஷன் எவ்வளவு குறைந்தது, டிஸ்பாட்ச் என்றால் லாரி வாடகை, ஸ்டோர்ஸ் என்றால் ஸ்டாக் வித்தியாசம். தொகை கிடைக்காத வேலையில் எண்ணிக்கையும் நாள் கணக்கும் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பலமான வாதம் ஒன்று உண்டு: போனவரின் வேலை. யாரோ வேலையை விட்டுப் போனார், "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கம்மா" என்று அவர் வேலை உங்கள் மேஜைக்கு வந்தது, அப்புறம் ஆளே எடுக்கவில்லை. நம் ஊர்க் கம்பெனிகளில் இது அடிக்கடி நடக்கும். எந்த மாதத்திலிருந்து, என்னென்ன வேலை என்று எழுதி வையுங்கள். ஒரு முழுச் சம்பளம் மிச்சமாகியிருக்கிறது என்பதை அவர்கள் மறந்திருப்பார்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். நான்கு அல்லது ஐந்து வரி போதும். இப்படி:

"சேர்ந்தபோது இருந்த வேலை: பில்லிங், பேங்க் என்ட்ரி.
இப்போது கூடுதலாக: ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல், 2பி சரிபார்ப்பு, டீலர் பாக்கி வசூல், இ-வே பில்.
90 நாளுக்கு மேலான டீலர் பாக்கி: போன மார்ச் இவ்வளவு, இன்று இவ்வளவு.
விடுபட்ட வரி வரவு: முன்பு இவ்வளவு, இந்த வருடம் இவ்வளவு.
தாமதக் கட்டணம் கட்டியது: இந்த வருடம் இல்லை."

அலுவலகத்தில் கடிதங்கள் ஆங்கிலத்தில் போகுமென்றால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். நடை முக்கியமில்லை, தொகை சரியாக இருக்க வேண்டும். முதலாளி அந்தத் தாளை ஆடிட்டரிடம் காட்டினாலும் தப்பு வரக் கூடாது.

படி 3: வெளியே என்ன விலை என்று விசாரியுங்கள்

நௌக்ரி, ஆம்பிஷன்பாக்ஸ் போன்ற தளங்களில் சம்பள விவரம் கிடைக்கும். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் பெரிய கம்பெனி, பெரிய நகரம், சி.டி.சி. கணக்கு (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு). பெங்களூரு சம்பளத்தைப் பார்த்துவிட்டு கணபதியில் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உள்ளூர் நிலவரம் ஆட்களிடம்தான் கிடைக்கும். உடன் படித்தவர்கள், ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், வேலைக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சிக்காரர்கள். "நீ எவ்வளவு வாங்குறே?" என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். "டேலி, ஜிஎஸ்டி எல்லாம் தனியா பாத்துக்கிற ஆளை இப்போ புதுசா எடுத்தா எவ்வளவு கொடுக்கிறாங்க?" என்று கேளுங்கள். எல்லாரும் சொல்வார்கள். நான்கைந்து பேரிடம் கேட்டால் ஒரு எல்லை பிடிபடும். உங்கள் கம்பெனியே உங்கள் மாதிரி வேலைக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

படி 4: ஒரு தொகையை முடிவு செய்யுங்கள்

"பாத்துப் பண்ணுங்க சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் 500 ரூபாய் ஏற்றுவார்கள், நீங்களும் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும். அடுத்த ஒரு வருடத்துக்கு மறுபடி கேட்கவும் முடியாது.

மனதில் மூன்று தொகை இருக்கட்டும். வாயால் சொல்லப் போவது ஒன்று, கிடைத்தால் திருப்தி என்பது ஒன்று, அதற்குக் கீழே என்றால் வேறு வேலை தேடுவேன் என்பது ஒன்று. கடைசித் தொகைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். விலைவாசி வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏறுவதாக வைத்தால்கூட, இரண்டு வருடத்துக்கு முந்தைய 18,000 ரூபாய்க்கு இன்று 19,845 ரூபாய் வாங்கினால்தான் சமம். அதற்குக் கீழே எது கொடுத்தாலும் உயர்வு என்று பெயர்தானே தவிர, நீங்கள் சேர்ந்த நாளைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறீர்கள்.

நம் பெண் 24,000 கேட்கலாம், 22,500 கிடைத்தால் ஒப்புக்கொள்ளலாம் என்று வைப்போம். 18,000-லிருந்து 24,000 என்பது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. எட்டு, பத்து சதவீதம் என்றுதான் பலருக்கும் பழக்கம். எனவே இதை இன்கிரிமென்ட் என்று சொல்லிக் கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும். "நான் சேர்ந்த வேலையும் இப்ப பாக்கிற வேலையும் வேற வேற, இப்ப பாக்கிற வேலைக்கு ஏத்த மாதிரி சம்பளத்தை மாத்திக் கொடுங்க" என்று கேளுங்கள். அப்போது எதிரில் இருப்பவர் சதவீதத்தைப் பார்க்க மாட்டார், வேலையைப் பார்ப்பார்.

படி 5: நேரம் பாருங்கள்

கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் அடுத்த வருட பட்ஜெட் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் போய்க் கேட்டால் மேனேஜர் மனது வைத்தாலும் பணம் இருக்காது. பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து பிப்ரவரிக்குள் கேட்டுவிடுங்கள். பம்ப் கம்பெனிக்கு அது இன்னும் நல்ல காலம், கோடை விற்பனை சூடு பிடிக்கும் நேரம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: தீபாவளிக்கு முந்தைய மாதம் (போனஸுக்கே பணம் புரட்டிக்கொண்டிருப்பார்கள்), செப்டம்பர் கடைசி ஆடிட் நெருக்கடி, மார்ச் கடைசி வாரம், மாதத்தில் 11, 20 ஆகிய ஜிஎஸ்டி தாக்கல் தேதிகளுக்குப் பக்கம், சம்பளம் போடும் நாள். வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகக் கூடாது என்று நினைக்கிற முதலாளிகளும் நம் பக்கம் நிறையப் பேர். உங்கள் முதலாளி அப்படி என்றால் அந்த நாளையும் விட்டுவிடுங்கள், ராகு காலத்தையும் விட்டுவிடுங்கள். அவர் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கிற நேரம்தான் உங்களுக்கு நல்ல நேரம்.

மேனேஜர் என்று ஒருவர் இருக்கும்போது அவரைத் தாண்டி நேராக முதலாளியிடம் போகாதீர்கள். முதலாளி சரி என்று சொன்னாலும், தினமும் நீங்கள் வேலை பார்க்கப் போவது அந்த மேனேஜரிடம்தான்.

படி 6: பேசுவது

முந்தின நாளே சொல்லி நேரம் வாங்குங்கள். விஷயம் என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள். திடீரென்று கேட்டால் யாருமே முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"சார், என் சம்பளம் பத்தி உங்ககிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசணுங்க. நாளைக்குக் காலைல நேரம் கிடைக்குங்களா?"

உள்ளே போனதும் சுற்றி வளைக்க வேண்டாம். வேலையைச் சொல்லி, தாளைக் கொடுத்து, தொகையைச் சொல்லுங்கள்:

"சார், நான் சேர்ந்தப்போ பில்லிங் மட்டுந்தான் பாத்துட்டிருந்தேன். இப்போ ஜிஎஸ்டி முழுசும், டீலர் பாக்கியும் நானே பாக்கறேங்க. என்னென்ன மாறியிருக்குன்னு இதுல எழுதியிருக்கேன். ரெண்டு வருஷமா சம்பளம் 18,000-லயே இருக்குங்க. ஏப்ரல்ல இருந்து மொத்தச் சம்பளம் 24,000 பண்ணிக் கொடுங்க சார்."

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இதுதான் கஷ்டமான இடம். அவர் தாளைப் பார்ப்பார், பேனாவை உருட்டுவார், ஒன்றும் பேச மாட்டார். அந்த அமைதி தாங்காமல் "இல்லீங்க சார், 20,000 கொடுத்தாக்கூடப் போதும்" என்று நீங்களே இறங்கிவிடாதீர்கள். அவர் யோசிக்கட்டும். வீட்டில் அக்காவையோ நண்பரையோ எதிரில் உட்கார வைத்து, தொகையைச் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பதை மட்டும் சில தடவை பழகிப் பாருங்கள்.

படி 7: வரக்கூடிய பதில்கள்

"இப்ப பிசினஸ் டல்லா இருக்கும்மா." அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு உண்மை நிலவரம் தெரியும். இருந்தாலும் லெட்ஜரைக் காட்டி மறுக்க வேண்டாம், போன மாதம் புதுக் கார் எடுத்ததையும் இழுக்க வேண்டாம். "புரியுதுங்க சார். ஒரே தடவையா வேண்டாங்க. ஏப்ரல்ல பாதி, அக்டோபர்ல மீதின்னு பண்ணலாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்ல வந்தவருக்கு இதற்கு ஒப்புக்கொள்வது சுலபம்.

"உனக்குப் பண்ணுனா எல்லாரும் வந்து நிப்பாங்க." பக்கத்து சீட்டுக்காரர் பெயரை நீங்கள் எடுத்திருந்தால் இந்தப் பதில் நிச்சயம் வரும். அதனால் யாரையும் ஒப்பிடாதீர்கள். "என் சம்பளத்தைப் பத்தி நான் யார்கிட்டயும் பேச மாட்டேங்க. என் வேலை மாறியிருக்கிறதுனாலதான் கேக்கறேன்" என்றால் போதும்.

"நாம எல்லாம் குடும்பம் மாதிரிதானம்மா?" இதைத் தட்டிவிடக் கூடாது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கேட்காமலே பணம் கொடுத்த முதலாளிகள் இருக்கிறார்கள். அவர் செய்ததை மனதாரச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "அதனாலதாங்க சார் வெளியே தேடாம உங்ககிட்டயே கேக்கறேன்" என்று தொகைக்குத் திரும்பி வாருங்கள். நன்றி வேறு, சம்பளம் வேறு; இரண்டையும் ஒரே பேச்சில் மரியாதையாகச் சொல்ல முடியும்.

"கல்யாணம் ஆனா நீ போயிடுவே." பெண்களிடம் மட்டும் சொல்லப்படுவது இது, கேட்கும்போது வலிக்கும். "இப்ப பாக்கிற வேலைக்குத்தாங்க சார் சம்பளம் கேக்கறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வித்தியாசம் காட்டக் கூடாது என்பது 1976-லிருந்தே சட்டம். இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. முதல் பேச்சிலேயே சட்டத்தை எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை என்ற தெளிவு உங்களுக்குள் இருக்க வேண்டும்.

"வேற எங்காச்சும் பாத்துட்டியா?" உண்மையைச் சொல்லுங்கள். கையில் ஆஃபர் இல்லாமலே, ஆஃபர் இருப்பதாகச் சொன்னால், "சரி, நல்லா இரும்மா" என்று அனுப்பி வைத்துவிடும் ஆட்கள் உண்டு. ஒரே தொழிற்பேட்டையில் முதலாளிகள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்பவர்கள், விசாரித்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே ஆஃபர் இருந்தால்கூட, போகத் தயாராக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

"பாக்கலாம்." இதுதான் அதிகம் வரும் பதில், மிகவும் ஆபத்தான பதிலும்கூட. கேட்டவருக்கு நம்பிக்கை வந்துவிடும், சொன்னவர் மறந்துவிடுவார். எழுந்திருக்கும் முன் ஒரு தேதி வாங்கிவிடுங்கள்: "சரிங்க சார், அடுத்த புதன்கிழமை வந்து கேக்கட்டுங்களா?" அன்று மாலையே வாட்ஸாப்பிலோ மெயிலிலோ இரண்டு வரி போடுங்கள்: "இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சார். ஏப்ரல் முதல் மொத்தச் சம்பளம் 24,000 ஆக்குவது பற்றிப் பேசினோம். புதன்கிழமை மறுபடி சந்திக்கிறேன்." மிரட்டல் மாதிரி இருக்குமோ என்று யோசிக்க வேண்டாம். இது வெறும் நினைவூட்டல். அவர் பார்ட்னரிடம் காட்டவும் உதவும்.

படி 8: சரி என்று சொன்னால்

எழுத்தில் வாங்குங்கள். எந்த மாதத்திலிருந்து, மொத்தம் எவ்வளவு, அடிப்படை எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதம் தரும் பழக்கமே இல்லாத இடமென்றால், நீங்களே மெயிலில் இந்த விவரத்தைப் போட்டு நன்றி சொல்லிவிடுங்கள்.

"சீட்டுல 18,000-மே இருக்கட்டும், மீதியைக் கையில கேஷா கொடுத்துடறேன்" என்று சொன்னால் முடிந்தவரை மறுத்துப் பாருங்கள். கையில் வரும் பணம் அதேதான் என்றாலும், அடிப்படை ஏறாவிட்டால் பி.எஃப். ஏறாது, கிராஜுவிட்டி ஏறாது. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்க் பார்ப்பது சம்பளச் சீட்டைத்தான். அடுத்த கம்பெனியும் கடைசி மூன்று மாதச் சீட்டைக் கேட்டு, அதன் மேல்தான் சம்பளம் பேசும். கையில் வாங்கிய கேஷை அங்கே யாரிடமும் நிரூபிக்க முடியாது.

புதுச் சம்பளம் ஏறிய முதல் மாதச் சீட்டை வரி வரியாகப் பாருங்கள். தப்பு இருந்தால் அதே மாதம் சொன்னால் சரியாகிவிடும்.

படி 9: முடியாது என்று சொன்னால்

முகம் வாடும், தொண்டை அடைக்கும். அன்றைக்கு அதிகம் பேசாமல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: "என்ன பண்ணுனா இந்தச் சம்பளம் கிடைக்குங்க சார்? எப்போ மறுபடி கேக்கலாம்?" தெளிவாக ஏதாவது சொன்னால், அதை எழுதிவைத்து அந்தத் தேதியில் போய் நில்லுங்கள். பணமாக முடியாதென்றால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ், சனிக்கிழமை அரை நாள், பெட்ரோல் அலவன்ஸ், அட்வான்ஸ்டு எக்செல் அல்லது வரிப் பயிற்சிக்கான கட்டணம் என்று கேட்கலாம். சம்பளத்துக்குக் கை வராத முதலாளிகள் இவற்றைச் சட்டென்று கொடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கோபத்தில் வேலையில் கை வைக்காதீர்கள். 20-ஆம் தேதி தாக்கல் தாமதமானால் அந்தத் தாளில் நீங்கள் எழுதிய கடைசி வரி பொய்யாகிவிடும்.

தெளிவான பதிலே இல்லை, ஆறு மாதம் கழித்தும் அதே "பாக்கலாம்" என்றால் வெளியே தேட ஆரம்பியுங்கள். நீங்கள் தயாரித்த அந்த ஒரு பக்கம் வீணாகாது. அதையே கொஞ்சம் மாற்றினால் உங்கள் பயோடேட்டாவின் முதல் பாதி தயார். ராஜினாமா கொடுக்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தின் ஆஃபர் லெட்டர் கையில் இருக்க வேண்டும், வாய்ச் சொல் போதாது. சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கம்பெனியில் கொடுத்திருந்தால், ஏதாவது காரணம் சொல்லி முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் எத்தனை நாள் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பாருங்கள். கிராஜுவிட்டிக்குப் பொதுவாக ஐந்து வருட சர்வீஸ் வேண்டும். நான்கரை வருடம் முடித்தவர் கிளம்பும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணும், அதில் பதிவான கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். ரிலீவிங் லெட்டரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.